கறுப்படிக்காத வரி

மார்வா டொலிஃப்சன் மாவட்ட போலீஸான ஷெரிஃப் அலுவலகத்தில், அறிக்கைப் பிரதிகள் கொடுக்கும் ஆவண ஜன்னலில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே சாதாரணக் கண்ணாடிதான் இருந்தது. பக்கத்துக் கவுன்டியில் எவனோ கோபத்தில் நாற்காலியைத் தூக்கி எறிந்த பிறகு கெட்டிக் கண்ணாடி போட்டார்கள். அன்றிலிருந்து எதிரே நிற்பவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். மார்வா தலையைச் சாய்த்து, கண்ணாடிக்குக் கீழே காகிதம் நுழையும் இடுக்கில் காதை வைத்துக் கேட்பாள்.

“உன் கழுத்து அப்படியே நின்னுபோச்சுடி. சவப்பெட்டியில நேரா படுக்க வைக்க முடியாது” என்பாள் பெவ். அதே அறையின் மறுமூலையில் ரேடியோவும் அவசரத் தொலைபேசியும் பெவ்வின் பொறுப்பு.

“நீ எதுக்குக் கவலைப்படற? எனக்கு முன்னாடியே நீ போயிடுவ. திங்கற டோனட்டுக்கு” என்பாள் மார்வா.

ஜன்னலுக்கு வருபவர்களிடம் அவள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். “பேரு, என்னிக்கு நடந்தது, எங்க நடந்தது. கேஸ் நம்பர் தெரிஞ்சா இன்னும் சுலபம். எழுதிக் குடுங்க, அடையாள அட்டையக் காட்டுங்க. விசாரணை நடந்துக்கிட்டு இருந்தா தர முடியாது. முடிஞ்சதுன்னா தருவோம், மறைக்க வேண்டியத மறைச்சிட்டு.” வேலியை யார் இடித்தது என்று இன்சூரன்ஸ்காரனுக்குக் காட்ட வேண்டியவர்கள், டிரெய்லர் திருடுபோனவர்கள், குடித்துவிட்டு நேற்று தாங்கள் என்ன செய்தோம் என்று அறிய விரும்புகிறவர்கள். எல்லோருக்கும் அதே வார்த்தைகள்.

அந்த ஜன்னலுக்கு மார்வா முதன்முதலில் வந்தது வேலைக்காக அல்ல. அவளுடைய அண்ணன் எல்டனின் வண்டி, கேட் இல்லாத ரயில்வே கிராசிங்கில் தானிய ரயிலில் மாட்டிக்கொண்டது. அறிக்கையைக் கேட்டு வந்தாள். அப்போது ஜன்னலில் இருந்த கிழவர் கோப்பைத் திறந்து, இருந்ததை இருந்தபடியே பிரதியெடுத்துக் கொடுத்துவிட்டார். நடைபாதையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றே படித்தாள். நசுங்கிய வண்டிக்குள் எல்டன் வெகுநேரம் உயிரோடு இருந்தான் என்பதும், யாரைக் கூப்பிட்டான் என்பதும் அதில் இருந்தது. அவர்களுடைய அம்மா, மகன் அந்தக் கணமே போய்விட்டான் என்று நம்பியபடியே செத்துப்போனாள். மார்வா அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டாள். கிழவர் ஓய்வு பெற்றதும் அந்த வேலைக்கு விண்ணப்பித்தாள்.

ஆகவே அவள் ஒவ்வோர் அறிக்கையையும் இரண்டு தடவை படிப்பாள். முதல் தடவை சட்டம் மறைக்கச் சொல்வதைத் தேடி. இரண்டாம் தடவை, அதை வாங்கப்போகிறவரின் கண்ணால். பிரதியெடுத்து, வீட்டு எண், சாலை எண், தொலைபேசி, பிறந்த தேதி எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் அடிப்பாள். வெளிச்சத்தில் பிடித்தால் மைக்கு அடியில் எழுத்து தெரியும் என்பதால், அடித்த தாளையே மறுபடி பிரதியெடுத்து அதைத்தான் கொடுப்பாள்.

கர்ட் ஹாஃப்னர் நவம்பர் தொடக்கத்தில் வந்தான். காட்டுக்கோழி வேட்டைக்காலம். ஆரஞ்சு நிற வேட்டை மேலாடை போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் அவனுக்குப் பைபிள் கதை சொல்லிக் கொடுத்தவள் மார்வா. அப்போதே அவன் சத்தம் போடாத பையன். கொடுத்த படத்துக்குக் கோட்டுக்கு வெளியே போகாமல் வண்ணம் அடிப்பான்.

“மிஸஸ் டொலிஃப்சன், நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் கர்ட். அம்மாவுக்கு முட்டி எப்படி இருக்கு?”

“மாத்தியாச்சு. இப்ப என்னைவிட வேகமா நடக்கறாங்க.” கதவருகே இருந்த அறிவிப்பைக் கண்ணால் காட்டினான். “துப்பாக்கிய வண்டியிலயே வெச்சுட்டேன். நாய் பாத்துக்கும்.”

“என்ன வேணும்?”

“ஒரு ரிப்போர்ட். அதுல என் பேரு இருக்குன்னு கேள்விப்பட்டேன். எப்படிக் கேக்கணும்னு சொன்னீங்கன்னா அப்படியே கேக்கறேன்.”

எந்த அறிக்கை என்று அவள் கேட்கவில்லை. அவனோடு வாழ்ந்த டெஸ்ஸா அவனை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவன் அவளுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இரவு நர்ஸாக இருக்கும் டெஸ்ஸா எங்கே குடியிருக்கிறாள் என்பது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். யார் வீட்டுப் பசு கன்று போட்டாலும் மத்தியானத்துக்குள் கவுன்டி முழுக்கப் பரவிவிடும் ஊரில் அந்த நாலைந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. அவளைப் பின்தொடர்ந்து போய்க் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மேசைபோலத் தட்டையான நிலம் அது. பின்னால் ஒரு வண்டி வந்தால் கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே தூசு காட்டிக் கொடுத்துவிடும்.

அக்டோபரில் ஒரு காலை டெஸ்ஸா வேலை முடிந்து, மளிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பையை எடுக்கக் காரின் பின்கதவைத் திறந்தாள். பையோடு பின்சீட்டுப் போர்வையும் விலகியது; அதன் அடியில் ஒரு காட்டுக்கோழிச் சேவல் செத்துக் கிடந்தது. கழுத்து ஒருமுறை அல்ல, பலமுறை திருகப்பட்டிருந்தது. ஷெரிஃபின் போலீஸ்காரர்களில் ஒருவனான டெபுடி லைல் போய் வாக்குமூலம் எழுதி வந்தான். சந்தேகப்படும் நபர் என்று கர்ட்டின் பெயரையும் எழுதினான். சாட்சி இல்லை என்று அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார். மூடிய கோப்பைக் கேட்கும் உரிமை அதில் பெயர் உள்ளவனுக்கு உண்டு.

மார்வா வழக்கமான வார்த்தைகளைச் சொன்னாள். கர்ட் அங்கேயே நின்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான்.

“ரெடியானதும் கூப்பிடறேன்” என்றாள்.

“அவசரமில்லீங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல.”

அவன் போனதும் பெவ் நாற்காலியைத் திருப்பினாள். “குடுக்கப்போறியா?”

“சட்டம் குடுக்கச் சொல்லுது.”

“சட்டத்துக்கென்ன, அது வீட்டுல பத்திரமா தூங்கும்.”

“நீ அந்த டோனட்டத் தின்னு பேசாம.”

அந்த அறிக்கையை மார்வா இரண்டு தடவை அல்ல, மூன்று தடவை படித்தாள். முகவரி, சாலை, தொலைபேசி, காரின் எண், டெஸ்ஸாவின் வேலை நேரம், வீட்டுச் சொந்தக்காரர் பெயர் எல்லாம் கறுப்பில் மறைந்தன. பக்கத்தில் எழுத்தைவிடக் கறுப்பே அதிகம்.

கூப்பிட்டதும் அவன் காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டான். உடனே ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“ஒண்ணும் தெரியாது கர்ட்” என்றாள் மார்வா.

“தெரியாதுன்னு தெரியும். உங்க வேலை சுத்தம்.” சிரித்தான். பிறகு தாளைத் தாழ்த்தி, அங்கேயே நின்று நிதானமாகப் படித்தான். கறுப்புப் பட்டைகளைத் தாண்டித் தாண்டி அவன் கண் கீழே வந்தது. ஓர் இடத்தில் நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தது. முகத்தில் எதுவும் மாறவில்லை. தாளை மடித்து மேலாடைக்குள் வைத்துக்கொண்டான்.

“லைல் நல்லா எழுதறான். பள்ளிக்கூடத்துல எங்கிட்டதான் காப்பி அடிப்பான்” என்றான். “வீட்டுல கோர்டி அண்ணனக் கேட்டதா சொல்லுங்க.”

வெளியே அவன் வண்டியில் நாய் ஒருமுறை குரைத்து அடங்கியது.

அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து, வடமேற்கிலிருந்து காற்று எழும்பி, கொடிக்கம்பத்தின் கயிறு இரும்பில் அடித்துக்கொண்டே இருந்தது. அவசரத் தொலைபேசி அடித்தது. புதிதாக நிலம் வாங்கி வந்த யாரோ ஒருவர். மாடுகள் சாலைக்கு வந்துவிட்டனவாம். சாலையோரப் பச்சைப் பலகையில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. பெவ் இடைமறித்தாள்.

“நம்பரெல்லாம் வேணாங்க. இங்க எவனுக்கும் நம்பர் தெரியாது. யார் வீடுன்னு சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடி யார் இருந்தாங்க? அதுக்கும் முன்னாடி?... ஆ, லிண்டெமன் வீடு. அப்படிச் சொல்லுங்க முதல்ல.”

மார்வா கையில் இருந்த காப்பியைக் கீழே வைத்தாள்.

அவசர எண் திட்டம் வந்தபோது கவுன்டி ஒவ்வொரு சாலைக்கும் வீட்டுக்கும் எண் கொடுத்தது. பச்சைப் பலகைகள் நட்டார்கள். வேட்டைக்காரர்கள் அவற்றைச் சுட்டுப் பழகினார்கள். வேறு யாரும் அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வீடுகள் அங்கே இல்லாதவர்களின் பெயரால்தான் அழைக்கப்பட்டன. மார்வாவும் கோர்டியும் கல்யாணமான நாளிலிருந்து குடியிருக்கும் வீடே இன்றும் லீ வீடுதான். அவர்கள் செத்த பிறகுதான் அது டொலிஃப்சன் வீடு ஆகும்.

அவள் எழுந்து போய்க் கர்ட்டுக்குக் கொடுத்த தாளின் பிரதியை எடுத்தாள். இரண்டாம் பக்கத்தின் நடுவில், இரண்டு கறுப்புப் பட்டைகளுக்கு இடையே, லைல் எழுதியது வெள்ளையாகக் கிடந்தது:

‘நான் போனபோது, எரிந்த கொட்டகையின் அடித்தளத்துக்குப் பக்கத்தில், இறக்கையில்லாத காற்றாலையின் கீழே காரை நிறுத்திவிட்டுப் புகார்தாரர் நின்றுகொண்டிருந்தார்.’

கெம்மெட் வீடு. வங்கி ஏலத்துக்கு முந்தின நாள் கிழவர் கெம்மெட் தன் கொட்டகைக்குத் தானே தீ வைத்தார். கவுன்டியில் பிறந்த குழந்தைகூட அந்த இடத்தைக் கைகாட்டும். யாருக்கும் தெரியாத எண்களையெல்லாம் தேடித் தேடி அவள் கறுப்படித்திருந்தாள். எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டிருந்தாள். மூன்று தடவையும் அந்த வரி அவள் கண்ணில் பட்டது, முகவரியாகப் படவில்லை. லைலுக்கும் பட்டிருக்காது. இந்த ஊரில் பேசுகிற பேச்சு அது, அவ்வளவுதான்.

பிறகுதான் அந்தச் சேவலின் நினைவு வந்தது. பயமுறுத்த வேண்டுமானால் அதை முதியோர் இல்லத்து வாசலிலேயே காரின் மேல் போட்டிருக்கலாம். அவன் அதைப் போர்வைக்கு அடியில், மளிகைப் பை வைக்கும் இடத்தில் மறைத்து வைத்தான். அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து கூப்பிட வேண்டும். ஒரு டெபுடி அந்த வீட்டுக்குப் போய், பார்த்ததை எழுத வேண்டும். அந்த எழுத்தைத்தான் அவன் கேட்டு வந்தான்.

“பெவ். லைல் எங்க?”

“தெற்குக் கோடியில. சர்க்கரைக்குப் போற பீட்கிழங்கு லாரி ஒண்ணு கவுந்து கெடக்கு. ஏன், உன் மூஞ்சி ஏன் இப்படி...”

“கெம்மெட் வீட்டுக்குப் போகச் சொல்லு. கர்ட் அங்க போறான். இந்நேரம் போயிருப்பான்.”

பெவ் ஒரு கேள்வியும் கேட்காமல் ரேடியோவைப் பிடித்தாள். மார்வா அசல் அறிக்கையிலிருந்து தொலைபேசி எண்ணைப் பார்த்து அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினாள்.

“யாரு?” தூக்கக் கலக்கக் குரல்.

“டெஸ்ஸா, நான் ஷெரிஃப் ஆபீஸ் மார்வா. எந்திரி. நீ எங்க இருக்கேன்னு கர்ட்டுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

மறுமுனையில் போர்வை விலகும் சத்தம்.

“எப்படி?”

“என்னால. அதை அப்புறம் திட்டு. இங்கேர்ந்து காலையிலயே போயிட்டான். ஜன்னலப் பாரு.”

கட்டில் கிறீச்சிட்டது. காலடிகள். திரைச்சீலை வளையங்கள் நகரும் சத்தம்.

“தூசு தெரியுது” என்றாள் டெஸ்ஸா. குரல் சின்னதாகிவிட்டது. “ஒரு வண்டி. மெதுவா வருது.”

“எந்தப் பக்கம்?”

“சர்ச் பக்கத்துலேர்ந்து. மார்வா, அவன் வேகமாவே வரலை. சும்மா பாத்துக்கிட்டே வர்ற மாதிரி...”

“கேளு. ரோட்டுக்குப் போகாத. வீட்டுக்குப் பின்னால வயலுக்கு நடுவுல டிராக்டர் பாதை போகுதில்ல? அது நேரா பீட்கிழங்கு குவிக்கிற களத்துக்குப் போகும். அங்க ஆளுங்க இருக்காங்க, லாரி இருக்கு. காரு எங்க நிக்குது?”

“பின்னாலதான். அந்தச் சேவலுக்கு அப்புறம் முன்னால நிறுத்தறதில்ல.”

“நல்லது பண்ணின. கிளம்பு. போன வைக்காத.”

டெஸ்ஸா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள் போலிருக்கிறது. துணி உரசியது. கதவு. சரளைக்கல்லில் வெறுங்கால். காற்று. எங்கோ ஒரு நாய் குரைத்தது. டெஸ்ஸாவுக்கு நாய் கிடையாது. என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. மார்வா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாம் முறை பிடித்தது. தகரம் தடதடக்கும் சத்தம் கொஞ்ச தூரம் வந்து, தொடர்பு அறுந்தது.

மார்வா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே கொடிக்கயிறு இரும்பில் அடித்தது. ஜன்னலுக்கு ஒரு கிழவர் வந்து, கண்ணாடியைத் தட்டி, திருடுபோன டிரெய்லரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

பெவ்வின் தொலைபேசி அடித்தது. பெவ் கேட்டாள், தலையாட்டினாள், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.

“பீட் களத்து மேஸ்திரி. ‘இங்க ஒரு பொண்ணு செருப்புகூட இல்லாம வந்து நிக்குது, என்ன செய்யறது’ன்னு கேக்கறான்.”

“சூடா ஏதாவது குடுக்கச் சொல்லு” என்றாள் மார்வா.

லைல் போனபோது கர்ட் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. மடியில் அறிக்கை. ஓடவில்லை. “கேட்டு வாங்கினது, லைல். கையெழுத்துப் போட்டு வாங்கினது” என்று மட்டும் சொன்னானாம். வீட்டுக்குள் எதுவும் உடைந்திருக்கவில்லை. படுக்கை மட்டும் விரிப்புச் சுருக்கமில்லாமல் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. டெஸ்ஸா அதைக் கலைந்தபடி விட்டுவிட்டு ஓடியிருந்தாள்.

உத்தரவை மீறியதற்காக அவனைச் சிறையில் போட்டார்கள். கவுன்டி சிறை அதே கட்டடத்தில், மார்வாவின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவருக்கு அந்தப் பக்கம்.

அன்றே அவள் ஷெரிஃபிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் அறிக்கையை எடுத்துப் பார்த்தார். “விதிப்படி நீ மறைக்க வேண்டியதெல்லாம் மறைச்சிருக்க. உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றார். அவர் திட்டியிருந்தால் அன்றிரவு அவள் தூங்கியிருப்பாள்.

அடுத்த வாரம் டெஸ்ஸா ஜன்னலுக்கு வந்தாள். வழக்குக்காகப் புதிய அறிக்கையின் பிரதி அவளுக்கு வேண்டியிருந்தது; புகார்தாரருக்கு மட்டும் விசாரணை முடியும் முன்பே தரலாம். காலில் கட்டுப் போட்டு, யாருடையதோ பெரிய செருப்பு அணிந்திருந்தாள். மார்வா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். டெஸ்ஸா தலையை அசைத்து நிறுத்திவிட்டாள்.

“இப்ப எங்க இருக்கேன்னு இதுல எழுதணுமா?”

“எழுதாத. முகவரிங்கற இடத்துல இந்த ஆபீஸ் முகவரியப் போடு. எங்கிட்டயும் சொல்லாத.”

டெஸ்ஸா எழுதினாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “எவ்வளவு நாள் உள்ள வெச்சிருப்பாங்க?” என்று கேட்டாள்.

“வசந்தம் வரைக்கும் இருக்கலாம். பனி உருகறதுக்குள்ள விட்டாலும் விட்டுருவாங்க.”

டெஸ்ஸா சுவரைப் பார்த்தாள். பிறகு நொண்டியபடி போனாள்.

வழக்கு முடிந்த பிறகு சிறைக் காவலர் ஓர் உறையைக் கொண்டுவந்து மார்வாவின் மேசையில் வைத்தார். கோட்டுக்கு வெளியே போகாத அழகான கையெழுத்து. பெயர், தேதி, இடம், கேஸ் நம்பர். அவள் சொல்லிக் கொடுத்த வரிசையில் எல்லாம் இருந்தது. தன் கைது பற்றிய அறிக்கை வேண்டுமாம். உரிமை இருந்தது.

அந்த முறை மார்வா ஒரு நாள் முழுக்க மார்க்கரோடு உட்கார்ந்தாள். மேஸ்திரியின் பெயரை அடித்தாள். களத்தை, டிராக்டர் பாதையை, டெஸ்ஸாவை ஏற்றிக்கொண்டு போன வண்டியின் நிறத்தை அடித்தாள். காற்று வடமேற்கிலிருந்து வீசியது என்று லைல் எழுதியிருந்ததையும் அடித்தாள்.

“காத்துக்குமாடி முகவரி?” என்றாள் பெவ். கேலியாகக் கேட்க நினைத்திருந்தாள். குரல் அப்படி வரவில்லை.

தாள் சுவருக்கு அந்தப் பக்கம் போனது. சில நாளில் அடுத்த உறை வந்தது. இந்தத் தடவை அவன் அறிக்கையைக் கேட்கவில்லை. அறிக்கை கேட்டு இந்த ஜன்னலில் யார் யார் எழுதிக் கொடுத்தார்களோ, அந்த விண்ணப்பங்களின் பிரதிகளைக் கேட்டிருந்தான். விண்ணப்பமும் அரசு ஆவணம்தான். அதைக் கேட்கவும் யாருக்கும் உரிமை உண்டு.

மார்வா டெஸ்ஸாவின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தாள். முகவரி இருந்த இடத்தில் இந்தக் கட்டடத்தின் முகவரி இருந்தது. அவன் உட்கார்ந்திருக்கும் அதே கட்டடம். இரண்டு தடவை படித்தாள். பிறகு இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தனின் கண்ணால் இன்னொரு தடவை. கறுப்படிக்க எதுவும் இல்லை. மார்க்கரை மூடி வைத்துவிட்டு, அப்படியே பிரதியெடுத்து அனுப்பினாள்.

சாயந்தரம் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது சுவருக்கு அப்பால் யாரோ மெல்லச் சிரிப்பது கேட்டது. அவனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சிறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது மேசையில் அதே கையெழுத்தில் இன்னோர் உறை காத்திருந்தது. அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, பிரித்தாள்.